சொல் விளக்கம்: வழங்கி (சேவையகம் அன்று)

போன வாரம் அக்கா மகன் ஒரு வழிகாட்டியை அனுப்பியிருந்தான். மேகக்கணிமையில், அதாவது இணையம் வழியே கணினியை வாடகைக்கு விடும் ஏற்பாட்டில், ஒரு மெய்நிகர் சர்வரை (கேட்பவர்களுக்கு வலைப்பக்கம் போன்றவற்றை அனுப்பும் கணினி) எடுத்து, உபுண்டு என்ற இயங்குதளத்தைப் போட்டு, தன் வலைத்தளத்தை அதில் ஏற்ற வேண்டும் என்பது அவன் ஆசை. தமிழிலேயே ஒரு வழிகாட்டி கிடைத்ததே என்று திறந்து பார்த்திருக்கிறான். “மாமா, ‘சேவையகத்திற்குள் நுழையத் துறைமுகம் 22-ஐத் திறக்கவும்’னு போட்டிருக்கு. எந்தத் துறைமுகம், தூத்துக்குடியா?” என்றான்.

துறைமுகத்துக்கு அப்புறம் வருகிறேன். எனக்கு முதலில் உறுத்தியது, சர்வர் என்பதற்குப் போட்டிருந்த சேவையகம் என்ற சொல். பத்து வருடமாக உறுத்துகிறது.

சர்வர் என்ற சொல்லின் வேர் லத்தீன். ஊழியம் செய்வதைக் குறிக்கும் வினை அது. அதற்கும் அடியில் அடிமை என்று பொருள்படும் ‘செர்வுஸ்’ இருக்கிறது. கணினி உலகில், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டின் 1969-ஆம் ஆண்டு ஆவணங்களிலேயே இந்தச் சொல் உண்டு. கேட்கும் கணினி ஒன்று, கொடுக்கும் கணினி ஒன்று என்று பிரித்துச் சொல்ல வந்தது. ஆக, பிறந்ததிலிருந்தே அது ஒரு வேலையைச் செய்வதன் பெயர். இடத்தின் பெயராக அது இருந்ததே இல்லை.

தமிழில் ‘அகம்’ ஒட்டினால் இடம். நூலகம், உணவகம், மருந்தகம், அச்சகம், முடிதிருத்தகம். பெட்டகம் மட்டும் இடமா என்று ஒரு நண்பர் மடக்கினார். பொருளை உள்ளே வைக்கிறோமே, அதுவும் இடந்தான். சேவையகம் என்று புதிதாகக் கேட்கும் ஒருவருக்கு என்ன தோன்றும்? இ-சேவை மையம் தோன்றும். சாதிச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்கும் இடம். அப்புறம் அந்த எந்திரங்களை அடுக்கி வைத்திருக்கும் அறையை எப்படிச் சொல்வது? சேவையக அறையா? அகத்தை அறைக்குள் வைக்கும் கட்டடக் கலை நமக்கு மட்டுமே வாய்த்தது.

“பல சேவைகள் அதில் தங்குகின்றன, அதனால் அகம்” என்று இதற்கு ஒரு சமாதானம் உண்டு. சரி, வலைப்பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்பது வெறும் மென்பொருள். அதையும் வலை சர்வர் என்கிறோம். அதே கணினியில் தரவுகளைச் சேமித்துத் தரும் மைஎஸ்க்யூஎல் என்ற மென்பொருளும் ஓடுகிறது. அது தரவுத்தள சர்வர். ஒரே எந்திரத்துக்குள் இரண்டு சர்வர்கள், எந்திரமும் ஒரு சர்வர். வீட்டுக்குள் வீடு, அதற்குள் இன்னொரு வீடா?

மேகக்கணிமை வந்த பிறகு இந்தச் சொல் இன்னும் நொண்டுகிறது. 2006-இல் அமேசான் ஈசி2 என்ற கணினி வாடகைச் சேவையைத் தொடங்கியபோது, மணிக்குப் பத்து சென்ட் கொடுத்தால் 1.75 ஜிபி நினைவகத்தோடு ஒரு கணினி கிடைத்தது. அது தனி எந்திரமில்லை. ஒரு பெரிய எந்திரத்தை ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் பல துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் ஒரு பங்கு. ஐபிஎம் 1960-களிலேயே பெருங்கணினிகளில் செய்து பார்த்த வித்தைதான். இன்று எந்த ஊரில் வேண்டும் என்ற பட்டியலில் மும்பை என்று தேர்ந்தெடுத்து, இரண்டு நிமிடத்தில் உருவாக்கி, சாயங்காலம் அழித்துவிடலாம். இதில் அகம் எங்கே இருக்கிறது?

‘மெய்நிகர்’ மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. மெய்க்கு நிகர், தொட முடியாது, ஆனால் மெய்யானது செய்வதையெல்லாம் செய்யும். ‘மாயக் கணினி’, ‘கற்பனைக் கணினி’ என்று எழுதுபவர்கள் மாதக் கடைசியில் வரும் கட்டணத்தையும் கற்பனை என்று சொல்லிப் பார்க்கட்டும்.

நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: வழங்கி. வழங்கு என்ற வினையோடு ‘இ’ சேர்ந்தது. மண்வெட்டி, தேங்காய்த் துருவி, சுமைதாங்கி, இடிதாங்கி எல்லாம் இப்படிப் பிறந்தவைதான். உலாவியும் செயலியும் இதே அச்சில் வந்து பழகிவிட்டன. வலை வழங்கி, அஞ்சல் வழங்கி, மெய்நிகர் வழங்கி. எந்திரத்துக்கும் பொருந்தும், மென்பொருளுக்கும் பொருந்தும். சேவை வடசொல் என்பதற்காக நான் சண்டை போடவில்லை. தமிழ்ச் சொல்லாக இருந்தாலும் அகத்தைச் சேர்த்தால் தப்புதான். வாடகைக்கு விடும் நிறுவனத்தோடு குழம்பாதா என்றால், அது வழங்குநர். ஆளுக்கும் நிறுவனத்துக்கும் ‘நர்’, கருவிக்கு ‘இ’. எதிர்முனையில் கேட்பது, ஆங்கிலத்தில் கிளையன்ட், நமக்கு வாங்கி. ஒலிவாங்கி என்று சொல்கிற ஊரில் இதற்கென்ன கூச்சம்? அந்த வழிகாட்டி அதை ‘வாடிக்கையாளர்’ ஆக்கியிருந்தது. வாடிக்கையாளரை நிறுவ வேண்டுமாம்.

துறைமுகத்துக்கு வருவோம். கணினிக்குள் தரவு போய்வரும் எண்ணிட்ட வழியைச் சொல்லும் போர்ட், வாசலைக் குறிக்கும் லத்தீன் ‘போர்டா’விலிருந்து வந்தது, கப்பல் துறைக்கு மூலம் வேறு சொல். 22 எஸ்எஸ்எச் வாசல் (தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய), 80-உம் 443-உம் வலைத்தள வாசல்கள். வாயில் 22 என்று எழுதியிருந்தால் பையன் கேட்டிருக்கவே மாட்டான். இயங்குதளம் முதலியவற்றோடு தயாராக இருக்கும் நகலான இமேஜைப் ‘படம்’ என்றும், அதிலிருந்து உருவாகி ஓடும் மெய்நிகர் கணினியான இன்ஸ்டன்ஸை ‘நிகழ்வு’ என்றும் போட்டு, “படத்தைத் தேர்ந்தெடுத்து நிகழ்வைத் தொடங்கவும்” என்று ஒரு வரி. கல்யாண அழைப்பிதழ் மாதிரி. நானாக இருந்தால் அச்சு, வார்ப்பு என்பேன். பிடிக்கவில்லையா, இன்ஸ்டன்ஸ் என்றே எழுதிவிட்டுப் போகலாம்.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் கணினியை அணைத்து வைப்பதற்கும், அடியோடு அழிப்பதற்கும் அந்த வழிகாட்டி ஒரே சொல்லைப் போட்டிருந்தது: நிறுத்தவும். முதலாவதைச் செய்தால் கோப்புகள் இருக்கும் வட்டு அப்படியே இருக்கும், அதற்கான வாடகை ஓடும். இரண்டாவதில் வேறு அமைப்பு செய்யாவிட்டால் வட்டும் சேர்ந்து போய்விடும். பையன் இரவு ‘நிறுத்திவிட்டு’ப் படுத்தான். மூன்று நாள் எழுதிய வலைத்தளம் காலையில் இல்லை.