சக்கர நாற்காலியில் 'முடங்கிய': ஒரு சொல் விளக்கம்

பாளையங்கோட்டையில் டிடிபி, பிளக்ஸ் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு கண்ணீர் அஞ்சலியாவது என் கை வழியாகப் போகும். 2018 மார்ச் 14 அன்று கேம்பிரிட்ஜில் இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் இறந்தார். மறுநாள் சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் ஐந்தாறு பேர், ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு, தெருமுக்கில் வைக்க ஒரு பிளக்ஸ் கேட்டு வந்தார்கள். அஞ்சலி பிளக்ஸில் பிறந்த தேதிக்கு 'மண்ணில்', இறந்த தேதிக்கு 'விண்ணில்' என்று போடுவது வழக்கம். மண்ணில் 8.1.1942, விண்ணில் 14.3.2018 என்று அடித்தேன். விண்ணைப் பற்றியே வாழ்நாளெல்லாம் யோசித்த மனிதருக்கு அந்த இரண்டு சொல்லும் அப்படிப் பொருந்தின. எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த வரியில் கை நின்றுவிட்டது. 'ஐம்பத்தைந்து ஆண்டுகள் சக்கர நாற்காலியில் முடங்கிக் கிடந்தும் அண்டத்தை அளந்த மாமேதை.'

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். டிவியில் ஓடியதைத்தான் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். அன்று முதல் வருடா வருடம் மார்ச் 14 வந்தால் இதே வரி வாட்ஸப்பில் சுற்றுகிறது. இந்த வருடமும் வந்தது. இனியும் சும்மா இருக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடங்கு என்றால் வளை, மடங்கு, சுருங்கு. முடம், முடக்கு, முடவன் எல்லாம் அதன் கிளைகள். சுருட்டி அனுப்பும் ஓலைக்கு முடங்கல் என்று பெயர். சிலப்பதிகாரத்தில் மாதவி கோசிகனிடம் கொடுத்தனுப்புவது முடங்கல்தான். குளிரில் சுருண்டு படுப்பது முடங்கிப் படுப்பது. மூட்டுப் பிடிப்புக்கு நம் வீடுகளில் தோசைமாவில் அரைத்து ஊற்றும் முடக்கத்தான் கீரையும் 'முடக்கு அறுத்தான்' என்பதிலிருந்து வந்ததுதான். வளைந்தது நகராது, அதனால் பின்னாளில் 'செயலற்றுப் போதல்' என்ற பொருளும் ஏறிக்கொண்டது. வியாபாரத்தில் முதல் முடங்கும், சட்டமன்றம் முடங்கும், தேர்தல் சின்னம் முடங்கும். 2020இல் நாடே வீட்டுக்குள் அடைபட்டபோது பத்திரிகைகள் அதைப் பொது முடக்கம் என்றன. ஆக, இன்றைய தமிழில் முடங்கியது என்றால் ஓட்டம் நின்றுபோனது. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

இப்போது அந்த வரிக்கு வருவோம். ஹாக்கிங்குக்கு 1963இல், 21 வயதில், இயக்க நரம்பணு நோய் இருப்பது தெரிந்தது. தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழியும் நோய் அது. சில வருடங்கள் கைத்தடியோடு நடந்தார். அறுபதுகளின் கடைசியில்தான் சக்கர நாற்காலிக்கு வந்தார். அதனால் 'ஐம்பத்தைந்து ஆண்டுகள் நாற்காலியில்' என்ற கணக்கே பிழை. ஐம்பத்தைந்து நோயின் கணக்கு. சரி, அதை விடுங்கள். ஒளியைக்கூட வெளியே விடாதவை எனப்பட்ட கருந்துளைகள் கதிர்வீச்சை வெளியிடும் என்று 1974இல் அவர் சொன்னது நாற்காலிக்கு வந்த பிறகுதான். 1979இல் கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த பேராசிரியர் பதவிக்கு வந்து 2009 வரை அதில் இருந்தார். 1985இல் நிமோனியாவுக்காகத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குரலே போன பிறகும் கணினிக் குரலில் உலகமெங்கும் போய்ப் பேசினார். 2007இல், 65 வயதில், எடையற்ற நிலைக்குக் கொண்டுபோகும் விமானத்தில் ஏறி மிதந்தார். இவரா முடங்கிக் கிடந்தார்?

அன்று என் கடைக்கு எதிர்வீட்டு அண்ணாச்சியும் வந்திருந்தார். விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட நாளிலிருந்து வீல்சேர்தான் அவருக்கு. ரேஷன் கடை, கரண்டு பில், பேரனை ஸ்கூலில் விடுவது எல்லாம் அதில்தான். திரையில் இருந்த வரியை வாய்விட்டுப் படித்தார். "முடங்கிக் கெடக்கவன்னா நான் உம்ம கடை வரைக்கும் எப்படிவே வந்தேன்?" என்றார். பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். அண்ணாச்சி மேலே ஒன்றும் சொல்லாமல் இடது சக்கரத்தின் வளையத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். வண்டி நின்ற இடத்திலேயே திரும்பியது. அடித்து வைத்திருந்த விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதே அண்ணாச்சி முடங்கியதையும் பார்த்திருக்கிறேன். ஒரு வங்கிக் கிளை, வாசலில் மூன்று படி, சாய்தளம் கிடையாது. நான் உள்ளே போய்ச் சொல்ல, ஊழியர் ஒருவர் வெளியே வந்து வெயிலில் நின்றபடி கையெழுத்து வாங்கினார். அண்ணாச்சியை அன்றைக்கு முடக்கியது நாற்காலியா, படியா?

இலக்கணத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. முடங்கு தன்வினை, முடக்கு பிறவினை. அடங்கு, அடக்கு மாதிரி. 'முடங்கினார்' என்று சொல்லும்போது முடக்கியவர் யார் என்று கேட்க வேண்டியதில்லாமல் போகிறது. 'முடக்கியது' என்று எழுதிப் பாருங்கள், எழுவாய் ஒன்று தேட வேண்டி வரும். நோய் உடலை முடக்கியது என்பது சரி. படி ஆளை முடக்கியது என்பதும் சரி. நாற்காலி முடக்கியது என்று எழுத யாருக்கும் கை வராது. அப்படியிருக்க 'நாற்காலியில் முடங்கினார்' என்று மட்டும் எப்படி எழுதுகிறார்கள்?

ஆங்கிலத்தில் 'வீல்சேர் பவுண்ட்' என்று ஒரு தொடர் உண்டு. பவுண்ட் என்றால் கட்டப்பட்ட என்று பொருள். செய்தி மேசையில் அவசரமாக மொழிபெயர்க்கிறவர் யாரோ அதற்குத் தமிழில் கைக்கு வந்த சொல்லைப் போட்டிருப்பார், அது நிலைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்திலேயே அந்தத் தொடரை ஒதுக்கி, சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் என்ற பொருளில் எழுதும் பழக்கம் வந்து பல வருடங்கள் ஆகின்றன. அவர்கள் கழற்றிப் போட்டதை நாம் இன்னும் உடுத்திக்கொண்டிருக்கிறோம்.

எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் இதற்கு மறுப்பு சொன்னார். 'முடங்கு நல்ல தமிழ்ச்சொல், அதை ஏன் விரட்ட வேண்டும்? மாற்ற வேண்டியது சக்கர நாற்காலியைத்தான். சக்கரம் வடசொல், நாற்காலி என்றால் நான்கு காலுடையது, இதற்கோ கால்களே இல்லை. உருளிருக்கை என்று எழுதுங்கள்.' அவருடைய தமிழ்ப்பற்றில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 'உருளிருக்கையில் முடங்கிய' என்று எழுதினால் எழுத்து தூய்மையாகிவிடும், பொய் அப்படியே இருக்கும். எங்கள் தெருவில் யாரிடமாவது உருளிருக்கை எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள். வீல்சேர் என்றால் ஆஸ்பத்திரி வாசலில் இருப்பதைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். நாற்காலி என்ற சொல் காலை எண்ணிப் பார்க்கிற கட்டத்தைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. ஒற்றைக் காலில் சுழலும் ஆபீஸ் நாற்காலியையும் நாற்காலி என்றுதானே சொல்கிறோம்? ஒரு சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்பதைவிட அது உண்மை பேசுகிறதா என்பதுதான் எனக்கு முதலில் பெரிது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'சக்கர நாற்காலி பயனாளர்' என்று அரசுத் தாளில் எழுதலாம். அஞ்சலியில் அது ஒட்டாது, பயனாளர் என்றதும் மின் இணைப்பு எண் ஞாபகம் வருகிறது. நான் சொல்வது இயங்கு. சக்கர நாற்காலியில் இயங்கியவர். முடங்கு, முடக்கு போலவே இதற்கும் இயங்கு, இயக்கு என்று ஜோடி இருக்கிறது. சங்க காலத்திலிருந்து இயங்குவது என்றால் நடமாடுவது. ஹாக்கிங்கின் நோய்ப் பெயரிலும் 'இயக்கம்' என்றுதான் தமிழ் எழுதிக்கொண்டது. நரம்பணு இயக்க மறுத்தது, நாற்காலி இயக்கியது.

2001 ஜனவரியில் அவர் இந்தியா வந்தபோது டெல்லியில் குதுப்மினாரையும் ஜந்தர் மந்தரையும் பார்க்க மரத்தில் தற்காலிகச் சாய்தளம் போட்டார்கள். பலகை வந்ததும் அவரும் உள்ளே போனார். நம் பக்கத்தில் ஆய்க்குடி இருக்கிறது. 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். எத்தனையோ மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் படிப்பும் பயிற்சியும் கொடுக்கும் இடம் அது. தென்காசி போகிற வழியில் அதைப் பார்த்த ஒருவருக்குச் சக்கர நாற்காலியையும் முடங்குவதையும் சேர்த்து எழுத மனசு வராது.

இந்தச் சொல்லுக்கு ஒரு கூட்டாளி உண்டு: 'விடுதலை'. நாற்காலிச் சிறையிலிருந்து விடுதலை பெற்றார் என்று அந்த வாரம் எத்தனை அஞ்சலி! பிள்ளைகள் கொண்டுவந்த படமும் அதுதான். காலி நாற்காலி ஓரமாகக் கிடக்கிறது, ஹாக்கிங் எழுந்து நட்சத்திரங்களை நோக்கி நடக்கிறார். அன்போடு வரைந்த படம்தான். ஆனால் அவர் நட்சத்திரங்களிடம் போனது அந்த நாற்காலியில் உட்கார்ந்துதானே? செத்துப்போனதையா விடுதலை என்பது? அண்ணாச்சி வீட்டு வாசலுக்கு நேராக அந்தப் படத்தை நிறுத்த எனக்கு மனசு ஒப்பவில்லை.

"முடங்கியும்னு போட்டாத்தான் கெத்தா இருக்கும் அண்ணே," என்றான் ஒருவன். அவனோடு அரைமணி நேரம் பேசினேன். கடைசியில் அவர் நாற்காலியில் சிரித்துக்கொண்டிருக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டோம். அதன் கீழே: 'நோய் உடலை முடக்கியது. சக்கர நாற்காலியில் இயங்கி, அண்டத்தின் பிறப்பை ஆராய்ந்தவர்.' வருந்தும் என்று போட்டு ஆறு பிள்ளைகளின் பெயரையும் அடித்தேன். காசு வாங்கவில்லை.