மறுஆய்வா, கலந்தாய்வா?

திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் பட்டறையின் அறிவிப்புப் பலகையில் ‘திங்கள் காலை 7.30 மறுஆய்வுக் கூட்டம்’ என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு, லேத்தில் வேலை செய்யும் டர்னர் அண்ணன், “இன்னாப்பா, போன வாரம் நாம இன்னா தப்பு பண்ணோம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

‘ரிவியூ மீட்டிங்’ என்பதைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். ரிவியூ என்ற சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘திரும்பப் பார்த்தல்’ என்று பொருள். அவ்வளவுதான். ஆனால் அந்த ‘ரி’யைக் கண்டதும் மொழிபெயர்ப்பவர்கள் ‘மறு’வை ஒட்டிவிடுகிறார்கள். மறுகூட்டல், மறுவிசாரணை, மறுவாக்குப்பதிவு: தமிழில் இவையெல்லாம் முதலில் நடந்ததில் கோளாறு இருக்கலாம் என்பதால் செய்கிறவை. எங்கள் திங்கள் கூட்டத்தில் எந்தத் தீர்ப்பையும் யாரும் மாற்றுவதில்லை. பன்னிரண்டு பேர் நின்றபடியே பதினைந்து நிமிஷம் பேசுகிறோம். எதைச் சரிசெய்யலாம், யார் செய்வது என்று முடிவெடுக்கிறோம். இதில் ‘மறு’வுக்கு என்ன வேலை?

சரி, ‘ஆய்வுக் கூட்டம்’ போதாதா என்றால், அந்தச் சொல்லையும் கெடுத்து வைத்திருக்கிறோம். ‘அமைச்சர் ஆய்வு’, ‘ஆட்சியர் திடீர் ஆய்வு’ என்று செய்திகளில் படித்துப் படித்து, ஒருவர் கேட்க மற்றவர்கள் கைகட்டிப் பதில் சொல்வதுதான் ஆய்வு என்றாகிவிட்டது. தொல்காப்பியத்தில் சொற்பொருள் சொல்லும் உரியியல் என்ற பகுதி ஆய்தலுக்குச் சொல்லும் பொருள் ‘உள்ளதன் நுணுக்கம்’. இருப்பது இன்னும் நுணுகுவது. வீட்டில் கீரை ஆய்கிறோமே, அந்தச் சொல்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் வாசற்படியில் ஒரே முறத்தைச் சுற்றி உட்கார்ந்து முளைக்கீரை ஆய்வார்கள். பழுத்த இலை, புல், முற்றிய தண்டு என்று யார் கண்ணில் எது பட்டதோ அவர் எடுத்துப் போடுவார். அங்கே அதிகாரி யாரும் இல்லை.

இப்படிச் சேர்ந்து ஆய்வதற்குக் ‘கலந்தாய்வு’ என்று அழகான சொல் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ப் பொறியியல் கவுன்சிலிங்குக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தீராத வருத்தம் இதுதான். அங்கே தரவரிசைப்படி மாணவர் கல்லூரியைத் தெரிவு செய்கிறார். 2018 முதல் அதுவும் இணையவழியில்தான். யார் யாரோடு கலந்தார்கள், எதை ஆய்ந்தார்கள்? ‘இடத் தெரிவு’ என்றால் எல்லாருக்கும் புரிந்திருக்கும். ஆசிரியர் இடமாறுதலுக்கும் கலந்தாய்வுதான். இப்படி ஒரு சொல்லைப் பொருந்தாத இடத்தில் உட்காரவைத்துவிட்டால், அதற்கு உரிய இடத்தில் ‘மறுஆய்வு’ மாதிரி ஏதாவது வந்து குந்திக்கொள்கிறது. பேச்சில் மீட்டிங் என்றே சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. தமிழில் எழுதுகிறோம் என்று பலகையில் எழுதும்போதாவது பொருள் பார்த்து எழுத வேண்டாமா?

மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு நேற்று பலகையை அழித்து ‘திங்கள் கலந்தாய்வு’ என்று எழுதினேன். கீழே மூன்று கட்டம்: என்ன குறை, யார் பார்ப்பது, எந்தத் தேதிக்குள். டர்னர் அண்ணன் சாக்பீஸை வாங்கி முதல் கட்டத்தில் எழுதினார்: ‘2ஆம் லேத், கூலண்ட் கசிவு’.