பழகிப்போன இரைச்சலும் பழகாத இதயமும்

மரம் அறுக்கும் ரம்பத்தின் பக்கத்தில் பத்து வருடம் நின்றவரிடம், இந்தச் சத்தத்தில் எப்படித்தான் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் "என்ன?" என்று காதைக் கொடுப்பார். அப்புறம் "பழகிடுச்சு" என்பார். அது பொய் இல்லை. அவருடைய கவனம் அந்தச் சத்தத்தை ஒதுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அவருடைய ரத்தக்குழாய்கள் கற்றுக்கொண்டனவா என்பதுதான் கேள்வி.

கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை. காதிலிருந்து கிளம்பும் செய்தி மூளையில் ஒரே வழியில் போவதில்லை. ஒரு வழி மேல்மூளைக்குப் போய், இது ரம்பம், இது கம்ப்ரெஸர் என்று அடையாளம் சொல்கிறது. இன்னொன்று அமிக்டலாவைத் தொடுகிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்கிற பகுதி அது. விளக்கம் கேட்டுக்கொண்டிருக்காது, உடம்பின் தானியங்கி வேலைகளை நடத்தும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியை உடனே உசுப்பிவிடும். அங்கிருந்து நரம்பு வழியே அட்ரினல் சுரப்பிக்கு உத்தரவு போகும், அட்ரினலின் ரத்தத்தில் கலக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும், சிறு ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். கொஞ்சம் தாமதித்து கார்ட்டிசால் என்ற இன்னொரு மன அழுத்த ஹார்மோனும் வந்து சேரும். ஓடுவதற்கோ மல்லுக்கட்டுவதற்கோ உடம்பு தயாராகிவிட்டது. ஆளோ நின்ற இடத்திலேயே நின்று அடுத்த கட்டையை எடுத்து வைக்கிறார்.

இதற்குக் காதைப் பிளக்கும் சத்தம்கூடத் தேவையில்லை. 2000-ல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், எழுத்தர் வேலை பார்க்கும் பெண்கள் 40 பேரில் ஒரு பகுதியினரை அமைதியான அறையிலும், மற்றவர்களை லேசான அலுவலக இரைச்சலிலும் மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். இரைச்சலில் இருந்தவர்களின் சிறுநீரில் அட்ரினலின் கூடியிருந்தது. உட்காரும் விதத்தைக்கூட அவர்கள் அவ்வளவாக மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு கொடுத்த புதிரையும் சீக்கிரமே கைவிட்டார்கள். டென்ஷனாக இருந்ததா என்று கேட்டபோது மட்டும் இரண்டு தரப்பின் பதிலிலும் வித்தியாசம் இல்லை. எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. "பழகிடுச்சு" என்ற பதிலை வைத்து உடம்பின் நிலையைக் கணிக்க முடியாது.

சரி, பிரஷர் ஏறி இறங்கினால் என்ன கெட்டுப்போகும்? ரத்தக்குழாயின் உள்சுவரில் ஒற்றை அடுக்காகச் செல்கள் பதிந்திருக்கின்றன. தேவைப்படும்போது அவை நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரியச் செய்யும். இது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு: கையில் பிரஷர் பட்டையைக் கட்டி, சில நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, சட்டென்று விடுவிப்பார்கள். பாய்ந்து வரும் ரத்தத்துக்கு ஈடுகொடுத்துத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள், ஆரோக்கியமானவர்கள் தூங்கும்போது விமானச் சத்தத்தை ஒலிக்கவிட்டு, காலையில் இப்படி அளந்தார்கள். விரிவு குறைந்திருந்தது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் சி கொடுத்ததும் ஓரளவு மீண்டது. ஆக, நைட்ரிக் ஆக்சைடைத் தின்றுதீர்ப்பது ஆக்சிஜனேற்ற மூலக்கூறுகள் என்ற சந்தேகம் வலுத்தது. தூக்கம் கெட்டதற்கும் இதில் பங்கு உண்டு என்பதால், பகல்நேரப் பட்டறைக்கு இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் விரியத் தயங்கும் குழாய்தான் காலப்போக்கில் தடித்து, கொழுப்பு படிய இடம் கொடுக்கிறது.

தொழிலாளர்களிடமே எடுத்த கணக்குகளும் இருக்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 14 மர ஆலைகளின் 27,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு 2005-ல் வந்தது. அதிக இரைச்சலில் நெடுநாள் வேலை பார்த்தவர்கள் மாரடைப்பால் இறப்பது கூடுதலாக இருந்தது. காதுப் பாதுகாப்பு இல்லாமல் வேலை பார்த்த காலத்தவரிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளில் சிக்கல் இல்லாமல் இல்லை. இரைச்சல் உள்ள இடத்தில் தூசி, வெக்கை, ஷிப்ட் எல்லாமே இருக்கும். எது எவ்வளவு என்று பிரிப்பது பெரும்பாடு. எதிர்த்திசையிலும் ஒரு பிழை நேரும்: உடம்புக்கு முடியாதவர் முன்பே வேலையை விட்டுப் போயிருப்பார், கணக்கில் தெம்பானவர்களே மிஞ்சுவார்கள்.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபல், 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம். ஆனால் இந்த வரம்பு செவித்திறனைக் காப்பாற்றப் போடப்பட்டது, இதயத்தை மனதில் வைத்து அல்ல. கார்னெல் அறையின் இரைச்சல் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது.

காதடைப்பான் உதவும், ஒழுங்காகச் செருகினால். பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அடைப்பான் பெரிதாக எதையும் தடுக்காது. அதைவிட மேல், இயந்திரத்தையே அடக்குவது: தேய்ந்த பேரிங்கை மாற்றலாம், அடியில் ரப்பர் வைக்கலாம், கம்ப்ரெஸரைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். தகரக் கூரைக்குக் கீழே அவ்வளவு குறையாது. சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தமும் சேர்ந்துகொள்ளும்.