பில்ட் ஓடிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்: கம்பைலரின் சொந்தச் சொற்கள்

பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் சி மொழியை நன்றாகவே படித்திருக்கிறார்கள். ஆனால் கையில் கிடைக்கும் பழைய கோடில் பாடத்தில் வராத சொற்கள் கிடக்கும். 8051 சிப்புக்குக் கைல் கம்பைலரில் (கோடைச் சிப்புக்குப் புரியும் கட்டளையாக மாற்றும் மென்பொருள்) எழுதியதைத் திறந்தால் எக்ஸ்டேட்டா, எஸ்பிட், இன்டரப்ட் என்று வரும். இவை பொதுவான சி மொழியில் இல்லாமல் அந்தக் கம்பைலர் தானே சேர்த்துக்கொண்ட சொற்கள். எஸ்டிசிசி கம்பைலரில் இவற்றுக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட வேண்டும்.

இவற்றைத் தவிர்க்கச் சொல்லவில்லை, 8051இல் ஒரு மாறி எந்த நினைவகத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லப் பொதுவான சி மொழியில் வழியில்லை. வேறு கம்பைலருக்குப் போனால் எரர் வரும், திருத்திவிடலாம்.

எனக்குப் பயம், நடுவே காலி இடம் விடாமல் அடுக்கச் சொல்லும் ‘பேக்டு’ மேல்தான். ஸ்ட்ரக்டில் (பல மாறிகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) ஒரு பைட், அடுத்து ஒரு 32 பிட் எண் இருக்கிறது. பேக்டு போட்டால் 5 பைட். போடாவிட்டால் ஆர்ம் சிப்பில் நடுவே 3 பைட் காலி விட்டு 8 ஆகிவிடும். ஆர்ம் கம்பைலர் 5 இதைத் தன் சொந்தச் சொல்லாக வைத்திருந்தது. கிளாங் என்ற கம்பைலரை வைத்துக் கட்டிய 6ஆம் பதிப்பில் அது கிடையாது, ஜிசிசி கம்பைலர் பாணி அட்ரிபியூட்தான் எழுத வேண்டும். எரர் போனால் போதும் என்று அந்தச் சொல்லை வெற்று மேக்ரோவாக (கம்பைல் ஆகும் முன் ஒன்றுமில்லாமல் மறைந்துவிடும் பெயர்) டிஃபைன் செய்துவிடுகிறார்கள். பில்ட் சுத்தமாக ஓடும், வயரில் போகும் தரவு மட்டும் இடம் மாறிப் போகும். கோளாறு வன்பொருளில் என்று நினைத்து, சென்சாரையும் கேபிளையும் மாற்றி மாற்றிப் பார்த்தே நாட்கள் ஓடிவிடும். எத்தனை நல்ல பொறியாளர்களின் உழைப்பு இப்படி வீணாகியிருக்கிறது!

இந்தச் சொற்களை எல்லாம் ஒரே ஹெடர் ஃபைலில் மேக்ரோவாகச் சேர்த்து வையுங்கள். தெரியாத கம்பைலர் வந்தால் அந்த ஹெடரே எரர் கொடுத்து பில்டை நிறுத்தட்டும். அப்புறம், வெளியே போகும் ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்கும் கீழே அளவைச் சரிபார்க்கும் ஸ்டேட்டிக் அசர்ட் ஒரு வரி. சி11இலிருந்தே இது மொழியில் இருக்கிறது. மேலே சொன்ன 5 பைட் 8 ஆனால் பில்ட் அங்கேயே நின்றுவிடும்.

பேக்டு ஸ்ட்ரக்டின் உள்ளே இருக்கும் எண்ணுக்குப் பாயின்டர் (அதன் நினைவக முகவரி) எடுப்பதும் ஆபத்து. கார்டெக்ஸ் எம்0 சிப், எல்லை தவறிய (4ஆல் வகுபடாத) முகவரியிலிருந்து 32 பிட் எண்ணை வாசித்தால் ஹார்ட் ஃபால்ட் என்ற பிழையில் விழும். ஜிசிசி 9 முதல் இதற்கு எச்சரிக்கை வருகிறது. அதை அணைக்காமல், நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி வைத்து எண்ணைத் தனி மாறிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.