கொண்டை ஊசி வளைவில் நான்கு சக்கர இழுவை

குன்னூரில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு, மழைக்காலம் தொடங்கியதும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: பின்சக்கர இழுவை கொண்ட பழைய அம்பாசிடரை நான்கு சக்கர இழுவைக்கு மாற்றித் தர முடியுமா? செய்ய முடிகிற வேலைதான் என்றாலும் நான் அதை ஏற்பதில்லை.

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரர் ஒருவர், சமவெளியில் ஒரு பட்டறையில் ஜீப்பின் முன் அச்சும், எஞ்சினின் விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் பொருத்திய தம் அம்பாசிடரைக் கொண்டுவந்தார். வளைவில் ஸ்டியரிங் இறுகுவதாகவும், அடியில் ஏதோ முறிவதுபோல் சத்தம் கேட்பதாகவும் சொன்னார். முன் டயர்களின் ஓரம் அரம் போட்டு ராவியதுபோல் தேய்ந்திருந்தது. அந்த விசையை முன் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கடைசி போல்ட்டைக் கழற்றியதும், எஞ்சின் ஓடாமல் நின்ற வண்டியில் அந்த ஷாஃப்ட் முறுக்கவிழும் கயிறுபோல் சட்டென்று திரும்பி, என் கையிலிருந்த ஸ்பேனரைத் தட்டிவிட்டது.

வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. அம்பாசிடரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 2.46 மீட்டர் தூரம் உண்டு. கொண்டை ஊசி வளைவில் பின் அச்சின் நடுப்பகுதி 6 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் திரும்பினால் அது 18.8 மீட்டர் ஓடும்போது, முன் அச்சின் நடுப்பகுதி 20.4 மீட்டர் ஓட வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டரான இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ள, 1966இல் வந்த ஜென்சன் எஃப்எஃப் காரிலும் 1980இல் வந்த ஆடி குவாட்ரோவிலும் இரண்டு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் ஒன்றை நடுவில் தனியாக வைத்தார்கள். பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸில் அது கிடையாது; இரண்டு ஷாஃப்டுகளும் ஒரே வேகத்தில்தான் சுழல வேண்டும் என்பதால் அவற்றில் முறுக்கு ஏறும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு தானே தீர்ந்துவிடும். தார்ச்சாலையில் டயர் பிடித்துக்கொள்வதால், முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் பல்சக்கரங்களிலும் ஏறுகிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் இப்படி 36 வளைவுகள். போதாக்குறைக்கு, அந்த வண்டியில் முன் அச்சின் பல் விகிதமும் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கு) பின் அச்சின் பல் விகிதமும் ஒன்றாக இல்லை. ஆகவே நேர்ச்சாலையிலும் இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டுதான் ஓடின.

இதைவிட எனக்குக் கவலை தந்தது இறக்கம்தான். நான்கு சக்கர இழுவை ஏற்றத்தில் உதவுமே தவிர, பிரேக் பிடிக்கும் தூரத்தைக் குறைக்காது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே அச்சுக்கு இடம் விடுவதற்காக, அம்பாசிடரின் முன்பகுதியில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் அமைப்பையே எடுத்துவிட்டு வண்டியை உயர்த்தியிருந்தார்கள். எடை கூடியிருந்தது, வண்டியின் நிலைப்பு குறைந்திருந்தது, பிரேக் டிரம்மோ பழையதாகவே இருந்தது.

சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

மாற்றும் எண்ணம் எப்படி வந்தது என்று அவரிடம் கேட்டேன். மழையில் பின்சக்கரங்கள் இடத்திலேயே சுழன்றன என்றார். பின் டயரின் பக்கச் சுவரைத் துடைத்துப் பார்த்தால் 1409 என்ற எண் இருந்தது. 2009ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். குறைவாக ஓடும் பழைய கார்களில் டயரின் பூ (சாலையைப் பிடிக்கும் வரிப்பள்ளங்கள்) தேயாமலே ரப்பர் கெட்டியாகிவிடுவதால், பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும் டயர்தான் ஈரச்சாலையில் முதலில் கைவிடுகிறது.

கோவையில் பழைய பாகங்கள் தேடிப்பிடித்து, முன்பகுதியைப் பழையபடி அமைத்து, நான்கு புது டயர்களும் பிரேக் லைனிங்கும் மாற்றிக் கொடுத்தோம். தோட்டத்துத் தார்ப்பாதையில் வண்டி வழுக்காமல் ஏறுகிறது. பங்களாவுக்கு முன்னாலுள்ள செம்மண் ஏற்றத்துக்கு மட்டும், மழை நாட்களில் அவர் தோட்டத்து ஜீப்பை எடுத்துக்கொள்கிறார்.