பிந்தி வரும் அலைகள்

அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைகாட்டியில் 2001இல் பதிவான, விண்வெளியிலிருந்து வந்த ஒரு ரேடியோ அலைத் துடிப்பை, பழைய தரவுகளைக் கிளறியபோது வானியலாளர் டங்கன் லோரிமர் குழுவினர் கண்டுபிடித்து 2007இல் அறிவித்தார்கள். அது 5 மில்லி செக்கன்கூட நீடிக்கவில்லை. வந்த விதம்தான் விசேஷம்: உயர் மீடிறன் அலைகள் முதலில் வர, தாழ் மீடிறன் அலைகள் பிந்தி வந்தன.

ஒன்றாகப் புறப்பட்டவை ஏன் பிந்துகின்றன? விண்மீன் திரள்களுக்கு இடைப்பட்ட வெளி முற்றிலும் வெறுமை அல்ல. தனி இலத்திரன்கள் மிக ஐதாகப் பரவிக் கிடக்கின்றன. அவற்றினூடே வரும் ரேடியோ அலையின் வேகம் சற்றுக் குறைகிறது, தாழ் மீடிறனுக்குக் கூடுதலாக. பௌதிகவியல் படித்தவர்களுக்கு: பிந்தல் மீடிறனின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமம். யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் ஒரே நேரத்தில் பருத்தித்துறைக்குப் புறப்பட்டால், கோப்பாயில் இருக்கும் இடைவெளி நெல்லியடியில் பல மடங்காகிவிடும். இடைவெளியை வைத்தே ஓடிவந்த தூரத்தைச் சொல்லலாம். லோரிமர் துடிப்பின் பிந்தல், பால்வீதியின் இலத்திரன்களால் வரக்கூடியதைவிட மிக அதிகம். ஆக, அது பால்வீதிக்கு வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

நம்பாதவர்களும் இருந்தார்கள், நியாயமாகவே. அதே பார்க்ஸில் இதைப்போலவே பிந்தல் காட்டிய வேறு சில துடிப்புகள், வேலை முடியுமுன் யாரோ மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறந்ததால் வந்தவை என்று 2015இல் தெரியவந்தது! நல்லவேளை, லோரிமர் துடிப்பு அந்த ரகம் இல்லை.

இத்தகைய துடிப்புகளைத் தேடும் கனடாவின் சைம் (CHIME) ரேடியோ தொலைகாட்டிக்கு அசையும் பாகமே கிடையாது. நான்கு அரை உருளைகள் மேலே பார்த்தபடி கிடக்கின்றன, பூமி சுழல வானம் கடந்து போகிறது. அது கேட்கும் 400 முதல் 800 மெகாஹேர்ட்ஸ் வரையான வீச்சில் பிந்தல் பல செக்கன்களுக்கு நீளும். எனவே கணினி 'இவ்வளவு பிந்தியிருந்தால்?' என்று ஆயிரக்கணக்கான ஊகங்களை வைத்து அலைகளை மறுபடி அடுக்கிப் பார்க்கிறது. ஊகம் சரியாக அமைந்தால் சிதறிய துடிப்பு கூராக எழுந்து நிற்கும். 2018 நடுப்பகுதியிலிருந்து ஓராண்டில் 500க்கு மேற்பட்ட துடிப்புகளைப் பிடித்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 2020இல் வெளியான கணக்கு. அண்டத்தில் இருக்கவேண்டிய, அணுக்களாலான சாதாரணப் பொருளில் ஏறத்தாழப் பாதியை அதுவரை காணவில்லை. தூரம் தெரிந்த திரள்களிலிருந்து வந்த துடிப்புகளின் பிந்தலை வைத்து ஜோன் பியர் மக்கார் குழுவினர் வழியிலிருந்த இலத்திரன்களை எண்ணினார்கள். காணாமல்போனது திரள்களுக்கு இடையேதான் கிடந்தது.

சரி, இவற்றை அனுப்புவது எது? 2020 ஏப்ரல் 28 அன்று, நம்மூரில் இரவு 8 மணியளவில், பால்வீதிக்குள்ளேயே ஒரு மக்னெட்டார் இதேபோலத் துடித்தது. பிரமாண்டமான காந்தப்புலம் கொண்ட நியூத்திரன் விண்மீன் அது. யாழ்ப்பாண வானில் அப்போது அது உதித்திருக்கவில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் பிடித்துக்கொண்டார்கள்.

அத்துடன் விடை கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏப்ரல் மாத முன்னிரவில் நின்றால், சப்தரிஷி மண்டலத்தோடு எம்81 திரளும் வடக்கே கடலுக்கு மேல் இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, தூரம் ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டு. அங்கே ஒரு துடிப்பு, முதிய விண்மீன்கள் மட்டுமே உள்ள விண்மீன் கொத்தொன்றிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. மக்னெட்டார்களோ பெரிய விண்மீன்கள் வெடித்துப் பிறந்து ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளில் ஓய்பவை. அப்படி வெடிக்கக்கூடிய விண்மீன்கள் அந்தக் கொத்தில் எப்போதோ தீர்ந்துவிட்டன.