இருட்டில் பிறந்த ஏடிபி

"அரச மரம் இரவிலும் ஆக்சிஜன் விடுமாமே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வாட்ஸ்அப்பில் பல வருடங்களாகச் சுற்றிவரும் செய்தி இது. உண்மை இல்லை. இலை விடும் ஆக்சிஜன், தண்ணீர் மூலக்கூறு உடைவதால் வருகிறது. அதை உடைக்க வெளிச்சம் வேண்டும். இருட்டிய பிறகு அரச மரமும் நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடைத்தான் விடுகிறது. கற்றாழை, சப்பாத்திக்கள்ளி போன்றவை இரவில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி, அமிலமாக மாற்றிச் சேர்த்து வைக்கும். அவையும் அந்த நேரத்தில் ஆக்சிஜன் விடுவதில்லை. அரச மரத்தைக் கும்பிடுகிறவர்கள் தாராளமாகக் கும்பிடட்டும். இல்லாத பெருமையை அதன் தலையில் ஏற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, தாவரம் ஏன் தண்ணீரை உடைக்கிறது? ஆக்சிஜனுக்காக அல்ல. அது கழிவு. வேண்டியவை எலக்ட்ரானும் புரோட்டானும். எலக்ட்ரானின் பயணம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும்: பச்சையத்தில் ஒளி பட்டு எலக்ட்ரான் கிளம்பும், கைமாறிக் கைமாறிப் போய், எலக்ட்ரானைச் சுமக்கும் மூலக்கூறான என்ஏடிபிஎச் (NADPH) ஆகும். புரோட்டான் என்ன ஆகிறது என்பதைப் பாடநூல் இரண்டு வரியில் முடித்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இலைச் செல்லில் பச்சையம் இருக்கும் உறுப்பான பசுங்கணிகத்துக்குள் தைலகாய்டு என்ற தட்டையான பைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தண்ணீர் உடைவது பையின் உட்புறத்தில். அதனால் புரோட்டான்கள் உள்ளேயே விழுகின்றன. போதாததற்கு, சவ்வைக் கடக்கும் எலக்ட்ரான்களும் வெளியிலிருந்து புரோட்டான்களை உள்ளே இழுத்து வருகின்றன. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவரும் நேரத்தில் சுமார் 12 புரோட்டான்கள் பைக்குள் சேர்ந்துவிடும். புரோட்டான் கூடினால் அமிலம் கூடும், அதை அளக்கும் பிஎச் எண் குறையும். நல்ல வெளிச்சத்தில் உள்ளே பிஎச் 6க்கு அருகில், வெளியே 8க்கு அருகில். பிஎச் கணக்கில் இரண்டு அலகு என்றால் நூறு மடங்கு. சில நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு கொழுப்புச் சவ்வின் இரு பக்கமும் நூறு மடங்கு வித்தியாசம்! புரோட்டானுக்கு மின்னேற்றமும் உண்டு என்பதால் இதை மின்வேதிச் சரிவு என்கிறோம். பசுங்கணிகத்தில் மக்னீசியம், குளோரைடு அயனிகள் நகர்ந்து மின்னழுத்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் சமன் செய்துவிடுகின்றன. மிஞ்சுவது பிஎச் வித்தியாசம். மைட்டோகாண்ட்ரியாவில் இதற்கு நேர்மாறாக மின்னழுத்தத்தின் பங்குதான் பெரிது.

செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு ஏடிபி (ATP). அது உருவாக இந்தச் சரிவே போதும் என்று 1961இல் சொன்னவர் இங்கிலாந்தின் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல். அந்தத் துறையில் இருந்தவர்கள் பலர் ஏற்கவில்லை. ஆற்றலைச் சுமந்து செல்லும் ஏதோ ஒரு வேதிப்பொருளை அவர்கள் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் 1966இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஆந்த்ரே யாகன்டோர்ஃபும் எர்னஸ்ட் யுரிபேயும் ஒரு சோதனை செய்தார்கள். பசலைக்கீரையிலிருந்து தைலகாய்டுகளைப் பிரித்தெடுத்து, இருட்டில், பிஎச் 4 உள்ள அமிலக் கரைசலில் சிறிது நேரம் ஊறவிட்டார்கள். பைக்குள்ளும் அமிலம் ஏறியது. பிறகு சட்டென்று பிஎச் 8 கரைசலுக்கு மாற்றி, ஏடிபிக்கு முந்தைய வடிவமான, இரண்டு பாஸ்பேட் மட்டுமே உள்ள அடினோசின் டைபாஸ்பேட்டையும் (ADP) தனிப் பாஸ்பேட்டையும் கொடுத்தார்கள். ஏடிபி உருவானது. துளி வெளிச்சம் இல்லை, எலக்ட்ரான் ஓட்டம் இல்லை. உள்ளே அமிலம், வெளியே காரம், அவ்வளவே. இவ்வளவு எளிமையாக ஒரு பெரிய கேள்விக்கு விடை சொன்ன சோதனைகள் உயிரியலில் மிகக் குறைவு.

மிட்செல் அதற்குள் உடல்நலம் கெட்டுப் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைத் தன் சொந்தப் பணத்தில் புதுப்பித்து, சக ஆய்வாளர் ஜெனிஃபர் மொய்லுடன் அங்கேயே ஆய்வகம் நடத்திக்கொண்டிருந்தார். 1978இல் நோபல் பரிசு வந்தது. குடும்பச் சொத்து இருந்ததால் அவரால் முடிந்தது. அது இல்லாத ஒருவருக்கு இதே யோசனை தோன்றியிருந்தால்? "இதனால் உடனடிப் பயன் என்ன" என்று கேட்காமல் கொடுக்கும் நிதி ஒரு நாட்டின் ஆய்வு வரவுசெலவில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரிவிலிருந்து ஏடிபி எப்படி வருகிறது? சவ்வில் பதிந்திருக்கும் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி உண்மையிலேயே சுழல்கிறது. திருவிழாக் குடை ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பசலைக்கீரையில் அதற்கு 14 இருக்கைகள். பையின் உட்புற வாசலில் ஒரு புரோட்டான் ஏறி உட்காரும், கிட்டத்தட்ட முழு வட்டம் சுற்றும், பக்கத்து வாசல் வழியாக வெளியே இறங்கும். உள்ளே கூட்டம் நெருக்குவதால் ராட்டினம் ஒரே திசையில் ஓடுகிறது. நடுத்தண்டு திரும்பத் திரும்ப, தலைப்பகுதியில் இருக்கும் மூன்று அறைகள் வரிசையாக உருமாறி, ஆளுக்கொரு ஏடிபியை வெளியே தள்ளும். 14 புரோட்டானுக்கு 3 ஏடிபி. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பாக்டீரியாவின் இதே நொதியில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, தண்டு சுழல்வதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்தார்கள்.

இப்போது ஒரு கணக்கு. ஓர் ஆக்சிஜனுக்கு 12 புரோட்டான் வந்தால் இரண்டரை ஏடிபிதான் தேறும். அதே எலக்ட்ரான்களைக் கொண்டு ஒரு கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரை உருவாகும் பாதையில் சேர்க்க 3 ஏடிபி வேண்டும். இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட, தாவரம் சில எலக்ட்ரான்களை என்ஏடிபிஎச் ஆக்காமல் அவை கைமாறி வந்த சங்கிலிக்கே மறுபடியும் திருப்பி அனுப்பி, புரோட்டானை மட்டும் கூடுதலாக உள்ளே ஏற்றுகிறது. இரவில் பைக்குள் புரோட்டான் குறைந்ததும் ராட்டினம் பின்னோக்கி ஓடி ஏடிபியை வீணாக்கிவிடலாம். அதைத் தடுக்கவும் ஏற்பாடு உண்டு: தண்டில் இருக்கும் இரண்டு கந்தக அணுக்கள் இருட்டில் ஒன்றோடொன்று பிணைந்து நொதியை முடக்கும், காலை வெளிச்சத்தில் பிரியும்.

உச்சி வெயிலில் வேறு பிரச்சினை. பயன்படுத்த முடியாத அளவுக்கு ஒளி வந்து குவிந்தால் பைக்குள் அமிலம் மிகுந்துவிடும். அந்த அமிலமே எச்சரிக்கை மணியாகி, கூடுதல் ஒளியாற்றலை வெப்பமாக வெளியேற்றும் அமைப்பை முடுக்கிவிடுகிறது. இலை கருகாமல் தப்புகிறது. ஆனால் மேகம் மறைத்து ஒளி குறைந்த பிறகும் இந்த அமைப்பு உடனே அணைவதில்லை. பல நிமிடங்கள் நல்ல ஒளியும் வெப்பமாகவே போகிறது. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகக் குழுவினர் மூன்று மரபணுக்களை மிகுதியாக இயங்கவைத்து, இது சீக்கிரம் அணையும்படி புகையிலைச் செடியை மாற்றினார்கள். வயலில் வளர்த்தபோது செடியின் எடை சுமார் 15 சதவீதம் கூடியது. 2016இல் வெளியான முடிவு இது. புகையிலையை எடுத்துக்கொண்டது மரபணு மாற்றிச் சோதிக்க எளிது என்பதால்தான். அடுத்து அவர்கள் கை வைத்தது சோயாவில்.